மூத்த குரலும் மாலை மேடையும்



வயது முதிர்ந்த இசைக் கலைஞர்கள் பெரிய விழாக்களில் மாலைக் கச்சேரியை இன்னும் செய்ய வேண்டுமா? அறக்கட்டளையினர் இதை இன்றைய சொற்பொழிவுக்குத் தலைப்பாகத் தந்தபோது உடனே ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமாக இருந்தது. சென்னையில் ஒரு சபாவின் நிகழ்ச்சிக் குழுவில் பதினான்கு ஆண்டுகள் இருந்தவன் நான். ஒவ்வொரு மார்கழி இசை விழாவுக்கும் யாருக்கு எந்த நேரம் என்று பட்டியல் போட்டவர்களில் நானும் ஒருவன். அந்தப் பட்டியல்களில் சிலவற்றை இன்று எடுத்துப் பார்த்தால் மனம் வருந்துகிறது. அந்த வருத்தத்தைச் சொல்லாமல் இந்தத் தலைப்பில் பேசினால் நேர்மையாக இருக்காது என்பதால்தான் வந்திருக்கிறேன்.

ஒரு டிசம்பர் மாலையிலிருந்து தொடங்குகிறேன். பாடியவர் எழுபத்தெட்டு வயது வித்வான். பெயர் வேண்டாம். அரங்கு நிறைந்திருந்தது. அன்றைய பிரதான ராகம் காம்போதி. மந்தர ஸ்தாயியில் அவர் தொடங்கிய விதத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்து வளர்ந்த வீட்டை இருட்டிலும் தடவாமல் நடந்து காட்டுகிற மனிதரைப் போல ஒவ்வொரு பிடியையும் வைத்தார். பிறகு மேல் ஷட்ஜத்துக்கு ஏறினார். குரல் போய்ச் சேரவில்லை, காற்று மட்டும் வந்தது. பின்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த சிஷ்யர்கள் இருவரும் ஒரே கணத்தில் அந்த ஸ்வரத்தைப் பிடித்தார்கள். வயலின்காரர் வில்லை அழுத்தி ஷட்ஜத்தை நீட்டினார். கிருதியின் சரணத்தில் ஒரு வரி நழுவியது. சிஷ்யை எடுத்துக் கொடுத்தாள். சபை கைதட்டியது. அன்பினால் தட்டினார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கச்சேரி முடிந்து உள்ளே போனேன். அங்கவஸ்திரத்தால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும், "கேட்டுதாப்பா?" என்றார்.

"ரொம்ப நன்னா இருந்தது அண்ணா."

"அதைக் கேக்கலை. மேல் ஷட்ஜம் உனக்குக் கேட்டுதா? எனக்குக் கேக்கலை."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த ஆண்டுப் பட்டியலிலும் அவருக்கு அதே நேரத்தையே போட்டோம். அவரை நான்கு மணிக்கு மாற்றுவது அவமரியாதை என்று குழுவில் எல்லோரும் நினைத்தோம், நானும்தான். அவருக்கு என்ன வேண்டும் என்று ஒருவர்கூடப் போய்க் கேட்கவில்லை.

மார்கழி விழாவின் நேரப் பங்கீடு உங்களுக்குத் தெரிந்ததுதான். நடுப்பகலிலும் பிற்பகலிலும் இளையவர்கள், பெரும்பாலும் இலவச அனுமதி. நான்கு மணிக்கு அடுத்த படி. ஆறரை, ஏழு மணிக்கு மூத்தவர்கள், டிக்கெட்டோடு. இது ஓர் ஏணி. ஏறுவதற்கு இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஆகும். இறங்குவதற்கு மட்டும் படி கிடையாது. உச்சிப் படியிலிருந்து ஒரு கலைஞர் நடந்து போக வழியே வைக்காமல் கட்டிய ஏணி இது. அதனால் அவர் அங்கேயே நிற்கிறார். குரல் இறங்கினாலும் அவரை இறங்கவிடுவதில்லை.

குரல் எப்படி முதிர்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்தால் இந்தச் சிக்கல் தெளிவாகும். குரல்வளையின் குருத்தெலும்புகள் வயதாக ஆக எலும்பைப் போல இறுகுகின்றன. விலா எலும்புகள் விரிவது குறைவதால் ஒரே மூச்சில் இழுக்கும் சங்கதி குறுகுகிறது. ஆண்களுக்குக் குரல்நாண்களின் தசை மெலிந்து, இரண்டும் முழுதாகச் சேராமல் நடுவில் காற்று கசியும். அன்று காம்போதியில் நான் கேட்டது அந்தக் காற்றைத்தான். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு நாண்கள் தடித்துக் குரல் கீழே இறங்கும். ஐந்து கட்டையில் பாடி வளர்ந்தவர் ஒரு கட்டத்தில் சுருதியைக் குறைக்கிறார் என்றால் அது சோம்பலால் நேர்வதில்லை, உடல் கேட்கும் சமரசம் அது. இவை எல்லாவற்றையும்விடப் பாடகருக்குக் கொடியது காது. முதுமையில் காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களை. தம்புராவின் உயிரே அதன் மேல் அதிர்வுகளில்தான் இருக்கிறது. மேடையில் தன் குரலையும் தம்புராவையும் சேர்த்து அளந்துகொண்டே பாடுகிற ஒருவருக்கு அந்த அளவுகோல் மங்கிவிட்டால், குரல் நன்றாக இருந்தாலும் சுருதி தடுமாறும். "எனக்குக் கேக்கலை" என்று அந்த வித்வான் சொன்னது கவிதையாகச் சொன்னதென்று நான் பல நாள் நினைத்திருந்தேன். அவர் உள்ளபடியே சொல்லியிருக்கிறார்.

ஆனால் இதிலிருந்து "அப்படியானால் எழுபது வயதோடு நிறுத்திவிடலாமே" என்று யாராவது சொன்னால் நான் அவரோடு வாதாடுவேன். வயது எல்லாக் குரல்களிடமும் ஒரே விதமாக வட்டி வாங்குவதில்லை.

செம்மங்குடி சீனிவாச ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். 1908இல் பிறந்தவர். 1947இல், முப்பத்தொன்பது வயதில், சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். தொண்ணூறைத் தாண்டியும் மேடையில் உட்கார்ந்து பாடினார். 2003இல் மறைந்தார். அவருடைய குரல் இளமையிலேயே கரகரப்பும் மூக்கொலியும் கலந்தது. இனிமையை நம்பி அவர் ஒருபோதும் பாடியதில்லை. ராகத்தை எந்த இடத்தில் நிறுத்துவது, எந்தப் பிடியை இரண்டாம் முறை சொல்வது, சாகித்தியத்தின் எந்தச் சொல்லில் நிரவலை எடுப்பது என்ற தேர்வுகளில்தான் அவருடைய கலை நின்றது. இந்தத் தேர்வுகளை வயது ஒன்றும் செய்ய முடியாது. கூடுதலாக ஓர் அழுத்தத்தைத் தந்தது என்றுகூடச் சொல்வேன். தொண்ணூறில் அவர் ஓர் அனுபல்லவியைப் பாடும்போது, தேவையற்ற எல்லாம் உதிர்ந்துபோய் எலும்பும் உயிரும் மட்டும் மிச்சமாக இருந்தன.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஜி.என். பாலசுப்பிரமணியம். மின்னல் பிருகாக்கள், மூன்று ஸ்தாயியிலும் ஓடுகிற குரல், கேட்டவர்களை எழுந்து நிற்க வைத்த வேகம். ஐம்பதைத் தாண்டியபோதே அந்தக் குரல் பழைய வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 1965இல் அவர் காலமானபோது வயது ஐம்பத்தைந்துதான். அவர் கலையில் குறைந்தவர் என்று யாரும் சொல்ல மாட்டோம். அவர் கலையைக் கட்டிய இடம் வேறு. அந்த இடத்தைக் காலம் முதலில் தொடும். ஆகவே பிறந்த ஆண்டைப் பார்த்து மேடையை மறுப்பவர்கள் செம்மங்குடியை இழப்பார்கள். பிறந்த ஆண்டைப் பார்த்தே மேடையைத் தருகிறவர்கள், நாங்கள் செய்ததுபோல, ஒரு கலைஞரை ஆயிரம் பேர் முன்னால் காற்றாகப் பாடவிடுவார்கள்.

தானாக இறங்கியவர்களும் உண்டு. முசிறி சுப்பிரமணிய ஐயர் 1940களின் நடுவிலேயே, தம் நாற்பதுகளின் நடு வயதில், உடல்நிலை காரணமாகக் கச்சேரி மேடையை விட்டு விலகினார். நிரவலில் அவருக்கு இணை இல்லை என்று இன்றும் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவர் பாதி வாழ்க்கையில் மேடையை விட்டதைச் சிலர் இழப்பாகப் பார்க்கலாம். 1949இல் தொடங்கிய மத்திய கர்நாடக இசைக் கல்லூரியின் முதல்வராக அவர் இருந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். அவரிடம் கற்றவர்கள் வழியாக அந்த நிரவல் எத்தனை தொண்டைகளுக்குப் போய்ச் சேர்ந்தது! எம்.எஸ். சுப்புலட்சுமி, 1997இல் கணவர் சதாசிவம் மறைந்த பிறகு பொதுக் கச்சேரி செய்யவில்லை. அது இசை சார்ந்த முடிவு அல்ல, ஒரு வாழ்க்கையின் முடிவு. ஆனாலும் அதை அவரே எடுத்தார். கலைஞர் எடுக்கும் முடிவுக்கு முன்னால் ரசிகன் பேசாமல் இருப்பதுதான் முறை. சிக்கல் வருவது, அந்த முடிவை எடுக்கவே வழியில்லாமல் நாம் அவரைச் சூழ்ந்து நிற்கும்போது.

ஏன் சூழ்ந்து நிற்கிறோம்? பல காரணங்கள். பழகிய பெயருக்கு டிக்கெட் போகும். விளம்பரதாரர் பழைய பெயரைக் கேட்பார். "அவரை இன்னும் ஒரு முறை கேட்டுவிட வேண்டும்" என்று ரசிகர்கள் நினைப்பார்கள். அந்த ஆசையில் கொஞ்சம் அவர்களுடைய சொந்த இளமையும் கலந்திருக்கிறது. இன்னொன்றை யாரும் மேடையில் சொல்வதில்லை: கச்சேரி செய்து வாழ்ந்த பெரும்பாலான கலைஞர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. வானொலியிலோ கல்லூரியிலோ வேலை பார்த்தவர்கள் தவிர மற்றவர்களுக்கு அடுத்த மாத வருமானம் அடுத்த கச்சேரிதான். மாலை நேரத்தை எடுத்துவிட்டால் மரியாதையோடு வாடகையும் போய்விடும். மூத்தவர்கள் இளையவர்களுக்கு வழிவிட வேண்டும் என்று கட்டுரை எழுதுகிறவர்கள் இதை நினைத்துப் பார்த்து எழுத வேண்டும்.

அதே நேரம், வழி அடைபட்டு நிற்கிறவர்களின் பக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் பாடகர், முப்பத்து மூன்று வயது. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து எங்கள் சபாவில் நடுப்பகல் பன்னிரண்டு மணிக்குப் பாடினார். அரங்கில் நாற்பது பேர் இருப்பார்கள். அதில் பத்துப் பேர் சாப்பாட்டுக்குப் பிறகு குளிர்சாதனத்தில் கண்ணயர வந்தவர்கள். அவர் ஒரு முறை விஸ்தாரமாகப் பாடிய தோடியை, முழு நிறைவோடு ஏறி இறங்கிய அந்தக் குரலை, மாலையில் வந்த ஆயிரம் பேரும் கேட்கவில்லை. முப்பதிலிருந்து ஐம்பத்தைந்துவரைதான் பெரும்பாலான குரல்களுக்கு நல்ல காலம். அதில் பாதியை நடுப்பகலில் செலவழிக்க வைத்துவிட்டு, குரல் போன பிறகு மாலையைக் கொடுக்கிறோம். இருவருக்கும் தப்பான நேரத்தில் தப்பான மேடை. இதைத்தான் நான் பதினான்கு ஆண்டுகள் செய்தேன்.

இங்கே பாடகி பாறசாலை பொன்னம்மாளைச் சொல்லியாக வேண்டும். திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைப் பள்ளியில் சேர்ந்த முதல் மாணவி. திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் முதல்வர். ஆனால் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில், நவராத்திரிக் கச்சேரிகளில், பெண்கள் பாடும் வழக்கமே இருந்ததில்லை. 2006இல் அந்த வழக்கம் மாறியபோது முதலில் அங்கே உட்கார்ந்து பாடியவர் அவர்தான். அப்போது அவருக்கு வயது எண்பத்தொன்று. எழுபதில் நிறுத்த வேண்டும் என்று ஒரு விதி இருந்திருந்தால் அந்த மாலையே நடந்திருக்காது. மண்டபம் அவருக்கு ஐம்பது ஆண்டுகள் தாமதமாகத் திறந்தது. குரல் உச்சத்தில் இருந்தபோது கதவைச் சாத்தி வைத்தவர்கள், குரல் தளர்ந்த பிறகு "வயதாகிவிட்டது" என்று சொல்ல எந்த உரிமையும் இல்லாதவர்கள். மேடை மறுக்கப்பட்டவர்களுக்கு வயதைக் காரணம் காட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அப்படியானால் என்னதான் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். மூத்தவரிடமிருந்து மேடையை எடுக்காதீர்கள். மேடையை மாற்றுங்கள் என்கிறேன். இரண்டரை மணி நேரம், ஆயிரத்துக்கு மேல் இருக்கைகள், காதைத் துளைக்கும் ஒலிபெருக்கி, வர்ணத்தில் தொடங்கி ராகம் தானம் பல்லவி, தனி ஆவர்த்தனம், துக்கடா என்று ஓடி முடிக்க வேண்டிய அமைப்பு: இவை நாற்பது வயது உடலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. எண்பது வயதுக்காரருக்கு அதையே மாட்டிவிட்டு, தொளதொளவென்று இருக்கிறதே என்று வருந்துகிறோம்.

வேறு சட்டை நம்மிடம் இருந்தது. வீணை தனம்மாள் 1867இல் பிறந்து 1938இல் மறைந்தார். சென்னை ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ணா தெருவில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை வாசிப்பார். சிறிய கூடம். ஒலிபெருக்கி இல்லை. வந்தவர்கள் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று அந்தக் கூடத்துக்குப் போனவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். வித்வான்களே அங்கே ரசிகர்களாக வந்து உட்கார்ந்தார்கள். அந்தக் கூடத்தில் கலைஞர் அரங்கை நோக்கிக் குரலையோ கையையோ தள்ள வேண்டியதில்லை, அரங்கு அவரை நோக்கிக் குனிந்தது. அவருடைய பேத்திகள் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி மூவரும் அந்த வீட்டின் காதோடு வளர்ந்தவர்கள். பிருந்தாவிடம் ஒரு பதம் கற்றுக்கொள்ள மேடையில் கொடிகட்டிப் பறந்தவர்களும் போய் நின்றார்கள். விளம்ப காலத்தில் பதம் பாடுவதற்கு வேகம் வேண்டாம். நிதானம் வேண்டும். முதுமைக்கென்றே அமைந்ததுபோல ஒரு வடிவம் நம் மரபில் இருக்க, அதைக் கச்சேரியின் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவிட்டோம்.

மூத்தவரை மேடையில் வெளிப்படையாகத் தாங்குவதை நாகஸ்வர மரபும் செய்து காட்டியிருக்கிறது. இரண்டு நாகஸ்வரம் சேர்ந்து வாசிக்கும் வழக்கத்தில் பெரியவர் மூச்சு வாங்கும்போது அடுத்தவர் எடுத்துக்கொள்வார். யாரும் அதை ஒளிப்பதில்லை. ஷேக் சின்ன மௌலானா தம் பேரர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசித்தார். டி.கே. பட்டம்மாளோடு பேத்தி நித்யஸ்ரீ பாடினார். பின்பாட்டை மறைவில் வைத்துத் திக்கும் நேரத்தில் மட்டும் தாங்கச் சொல்வதைவிட இது எவ்வளவு நேர்மை! அன்றைய காம்போதியில் அந்தச் சிஷ்யர்களின் பெயர் அழைப்பிதழில்கூட இல்லை.

மாற்றாத மேடை, மாற்றிய மேடை இரண்டையும் கடல் கடந்தும் ஒரே கோடையில் பார்க்கலாம். 2022 ஜூன் 25, இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா. எண்பது வயது நிறைந்து ஒரு வாரம் ஆகியிருந்த பால் மெக்கார்ட்னி ஏறக்குறைய மூன்று மணி நேரம் நின்று பாடினார். பாடும் பாடல்களைப் படைத்தவரே நம் கண்முன் நிற்கிறார் என்பதே ஒரு பெரும் பரவசம். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் குரல் மெலிந்திருந்தது, அதைக் கூட்டம் தன் குரலால் நிரப்பியது. அடுத்த மாதம், ஜூலை 24, அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா. எழுபத்தெட்டு வயது ஜோனி மிட்செல். 2015இல் மூளை இரத்தக்குழாய் வெடித்து, பேச்சையும் நடையையும் மறுபடி கற்க வேண்டியிருந்தவர். கிதாரில் விரலை எங்கே வைப்பது என்பதைத் தம் பழைய காணொளிகளைப் பார்த்தே மீண்டும் கற்றார். மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி. சுற்றிலும் இளைய கலைஞர்கள், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல. முன்னமே அவர் வீட்டில் நண்பர்கள் கூடிப் பாடிய மாலைகளைத்தான் பாடகி பிராண்டி கார்லைல் முன்னின்று அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தார். இளமையில் மிக உயரத்தில் பறந்த குரல் இப்போது கீழே இறங்கி, கனத்து, அதே பாடல்களை வேறு அர்த்தத்தில் சொன்னது. அவரை யாரும் பழைய ஜோனியாக நடிக்கச் சொல்லவில்லை. தனம்மாளின் வெள்ளிக்கிழமை எனக்கு நினைவுக்கு வந்தது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். மாலை நேரம் யாருக்கு என்பதை அந்தந்த ஆண்டின் பாட்டைக் கேட்டு முடிவு செய்யுங்கள். எண்பது வயதுக்காரர் மாலைக்கு உரிய பாட்டைப் பாடுகிறாரா, அவருக்கே கொடுங்கள். டி.கே. மூர்த்தி தொண்ணூறைத் தாண்டியும் மிருதங்கம் வாசித்தார். அந்தக் கைக்கு யார் வயது கேட்பார்கள்? இல்லையென்றால், மூத்தவருக்குக் காலை நேரத்தைக் கொடுங்கள். உடல் களைத்திருக்காது. ஒரு மணி நேரம் போதும். சிஷ்யரின் பெயரை அவர் பெயருக்குப் பக்கத்தில் அச்சிடுங்கள். சன்மானத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள், முடிந்தால் கூட்டுங்கள். பட்டியல் போடுவதற்கு முன் ஆடி மாதத்தில் யாராவது ஒருவர் அவர் வீட்டுக்குப் போய், எவ்வளவு நேரம் பாட விருப்பம், எந்த இடத்தில், எதைப் பாட ஆசை என்று கேளுங்கள். பதினான்கு ஆண்டுகளில் நாங்கள் கேட்டதெல்லாம் எந்தத் தேதி வசதி என்பது மட்டும்தான்.

அந்தக் காம்போதி வித்வானைச் சில ஆண்டுகள் கழித்து அவர் வீட்டில் பார்த்தேன். மேடையை அதற்குள் அவர் விட்டிருந்தார். ஒரு சிறுமிக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. சுருதியை நன்றாக இறக்கி வைத்திருந்தார். பஞ்சமத்துக்கு மேல் போகவே இல்லை. அந்தச் சின்ன எல்லைக்குள் ஒரு பதத்தின் பல்லவியை முக்கால் மணி நேரம் சொல்லிக் கொடுத்தார், ஒவ்வொரு முறையும் வேறு விதமாக. நானும் அந்தச் சிறுமியும் அவருடைய மனைவியும் மட்டும் கேட்டோம். எங்கள் அரங்கில் அவர் பாடிய எந்தக் கச்சேரியையும்விட அது பெரியது. நான் அதைக் குழுவுக்குச் சொல்லி ஏதாவது செய்வதற்குள் அவர் போய்விட்டார்.

இந்தக் கட்டடத்தின் மாடியில் எண்பது பேர் பாயில் உட்காரக்கூடிய ஓர் அறை இருக்கிறது. போன வாரம் அனுமதி வாங்கிப் போய் நின்று பார்த்தேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்தால் ஒரு தம்புரா கடைசி வரிசைவரை கேட்கும், மைக் தேவைப்படாது. வரும் மார்கழியில் நான்கு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளுக்கு அந்த அறையைத் தரும்படி அறக்கட்டளையினரைக் கேட்டுக்கொள்கிறேன். இன்றைய சொற்பொழிவுக்கு எனக்குத் தந்த தொகையை அதற்கே வைத்துக்கொள்ளுங்கள். யாரை அழைப்பது என்பதற்கு என்னிடம் மூன்று பெயர்கள் இருக்கின்றன. இந்த மாதத்துக்குள் மூவர் வீட்டுக்கும் போய், எவ்வளவு நேரம் பாட விருப்பம் என்று கேட்டுவிட்டு வருகிறேன்.